பேரரசி கேத்தரின் பாடம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது வரலாற்றுப் பாடத்தில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினைப் படிக்கிறார்கள். வழக்கத்தைவிட அதிக வகுப்புகள் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். அதில் உங்களுக்கும் ஒரு வேலை இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

கேத்தரின் ரஷ்யர் அல்லர். 1729இல் பிரஷ்யாவின் ஸ்டெட்டின் நகரில் பிறந்த ஜெர்மானியர். பிறந்த வீட்டுப் பெயர் சோஃபி. 1744இல், நம் பிள்ளைகளின் வயதில், ரஷ்ய இளவரசருக்கு மணம் முடிக்க அழைத்து வந்தார்கள். இரவில் எழுந்து வெறுங்காலோடு நடந்தபடியே ரஷ்ய மொழிப் பாடத்தை மனப்பாடம் செய்தார். குளிர் தாக்கி, சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். 1762இல் கணவர் மூன்றாம் பீட்டரைப் படைவீரர்களின் துணையோடு அகற்றிவிட்டு அரியணை ஏறினார். சில நாட்களில் பீட்டர் காவலிலேயே இறந்துபோனார். அப்புறம் 34 ஆண்டுகள் கேத்தரினின் ஆட்சிதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1764இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் தொடங்கிய ஸ்மோல்னி பள்ளி. பெண்களுக்காக ரஷ்ய அரசு நடத்திய முதல் கல்விக்கூடம் அது. பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் ஆறு வயதில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். படிப்பு முடியும்வரை பிள்ளையைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்! வீட்டுப் பழக்கம் ஒட்டாமல் வளர்த்தால் புதிய தலைமுறை உருவாகும் என்று பேரரசியும் அவருடைய கல்வி ஆலோசகர் பெட்ஸ்கோயும் நம்பினார்கள். 1768இல் பெரியம்மைத் தடுப்புக்கு ஊரே அஞ்சியபோது, இங்கிலாந்து மருத்துவர் டிம்ஸ்டேலை வரவழைத்து முதலில் தனக்கும், அடுத்து மகனுக்கும் போட்டுக்கொண்டார். 1786இல் நகரங்களில் இலவசப் பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது. அங்கே பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்றும் விதித்தார்கள்.

சரி, கிராமத்துப் பிள்ளைகள்? அவர்களுக்கு அந்தச் சட்டத்தில் பள்ளி இல்லை. 1767இல், சித்திரவதை கூடாது, சட்டத்தின் முன் குடிமக்கள் சமம் என்று பெரிய அறிக்கை எழுதி வெளியிட்டார் கேத்தரின். அதே ஆண்டில், பண்ணையடிமைகள் தங்கள் எசமானர்மீது பேரரசியிடம் புகார் கொடுத்தால் சாட்டையடியும் சைபீரியச் சுரங்க வேலையும் என்று ஆணை போட்டார். 1773இல் முன்னாள் படைவீரர் புகச்சோவ் தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது அந்த மக்கள் கூட்டம் கூட்டமாக அவர் பின்னால் போனார்கள். 1790இல் அவர்களுடைய துயரத்தை ரஷ்ய எழுத்தாளர் ராதிஷ்சேவ் புத்தகமாக எழுதினார். அவருக்குக் கிடைத்தது சைபீரிய நாடுகடத்தல். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேருக்குக் கடிதம் எழுதிய, இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடரோவின் நூலகத்தை விலைக்கு வாங்கி அவரிடமே விட்டுவைத்த அதே பேரரசிதான் இதையும் செய்தார். இரண்டையும் பிள்ளைகள் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் ‘நல்லவரா, கெட்டவரா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அவர்கள் வாதாடட்டும்.

இப்போது உங்கள் வேலை. ‘ஸ்மோல்னி பள்ளியின் அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா, ஏன்?’ என்று உங்கள் பிள்ளை கேட்பார். அம்மாவும் அப்பாவும் தனித்தனியே நாலு வரி அவருடைய வரலாற்று நோட்டில் எழுதித் தாருங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால் போதும், பிள்ளை எழுதிக்கொள்வார். வெள்ளிக்கிழமைக்குள் நோட்டு வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்