செங்கல்லில் மூன்று விரல் தடம்

சவன்னா, ஜார்ஜியா, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

"பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு பட்டப்படிப்பா? முடித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த வாரம் முழுவதும் ஒரு பழைய வீட்டின் பின்சுவரோடுதான் இருந்தேன். யாரோ எப்போதோ செங்கல் இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் அந்தக் கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே இறங்கிய தண்ணீர் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கல்லின் முகம் பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. தேய்ந்தாலும் சாந்துதான் தேயும், கல் பிழைக்கும். சாந்தை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்டை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்தோம். கை நழுவினால் கல்லின் விளிம்பு போய்விடும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு முழம் கூட முடியவில்லை.

அப்படித் தட்டும்போதுதான் ஒரு கல்லில் மூன்று விரல் தடங்களைப் பார்த்தேன். இங்கே 'சவன்னா கிரே' என்று பெரிய அளவுச் செங்கல் உண்டு. ஆற்றங்கரையில் இருந்த ஹெர்மிடேஜ் தோட்டத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் கையால் அறுத்த கல் அது. ஈர மண்ணை எடுத்து வைத்தபோது பதிந்த விரல்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன், குழி சிறியது. குழந்தையாக இருக்குமோ என்று நினைத்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கைக்குரியவரின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலாவது இருக்கிறதா, தெரியாது. இந்தச் சுவரை இடித்துவிட்டால் அந்தத் தடமும் மண்ணோடு போய்விடும். நான் இந்தப் படிப்பில் இருப்பது அதற்காகத்தான் அப்பா.

இந்த ஊரும் ஒரு காலத்தில் இடித்துத் தள்ளிய ஊர்தான். 1954-இல் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து வாகன நிறுத்துமிடம் கட்டினார்கள். 1820-இல் கட்டிய டேவன்போர்ட் வீட்டுக்கும் அடுத்த ஆண்டே அதே கதி வர இருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். நியூயார்க்கில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது நாடே அதிர்ந்தது. 1966-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு தேசியச் சட்டம் வந்தது.

வேலைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் பிறக்கின்றன. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள ஒரு சாலை, பாலம் என எதுவானாலும், வழியில் உள்ள பழைய கட்டடங்களுக்கு என்ன ஆகும் என்று முதலில் ஆராய வேண்டும். இடிக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. யோசிக்காமல் இடிக்க விடாது, அவ்வளவுதான். அந்த ஆய்வை எழுதத் தனியார் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. சரிபார்க்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. வருமானம் தரும் பழைய கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்துக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கான ஆவணங்களைத் தயாரிப்பதே பலருக்கு முழுநேர வேலை. வண்ணப்பூச்சின் அடுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து, முதலில் பூசிய நிறம் எது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு கண்.

மறைக்காமல் சொல்கிறேன்: கணினித் துறைச் சம்பளம் இதில் வராது. மத்திய அரசுப் பணிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டுமே. படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அதற்குள் ஒரு நிறுவனத்தில் காலூன்ற வேண்டும். போன ஆண்டு முடித்த அக்கா ஒருவர் அப்படித்தான் சேர்ந்தார். நானும் விண்ணப்பங்களை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்.

அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். புதிய சாந்து சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறோம். நாளை ஞாயிறு, சாக்கை நனைக்கும் முறை என்னுடையது. விடியற்காலையில் போக வேண்டும்.

உங்கள் அன்பு மகள்