முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் சோதிக்கச் சொல்லுங்கள்

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் உட்லண்ட்ஸில் குடியிருக்கிறேன், வேலை துவாஸில். தினமும் காலையில் கிராஞ்சி விரைவுச்சாலை வழியாகத்தான் போவேன். மண் லாரிகள் அதிகம் ஓடும் சாலை. சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு லாரியிலிருந்து தெறித்த கல் என் காரின் முன்கண்ணாடியில் பட்டது. முதலில் பொட்டு அளவுக்குத்தான் இருந்தது. இரண்டே நாளில் விரிசல் பாதிக் கண்ணாடிக்கு ஓடிவிட்டது. காப்புறுதிக்குச் சொல்லி, ஒரு பட்டறையில் கண்ணாடியை மாற்றினேன். “எல்லாம் ஓகே” என்று சாவியைக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் தீவு விரைவுச்சாலையில் ஒரு வளைவு. நான் நடுத்தடத்தில், இடப்பக்கத் தடத்தில் ஒரு கொள்கலன் லாரி. எனக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது. திடீரென்று சிவப்பு விளக்கு மின்னி, எச்சரிக்கை ஒலி அலற, கார் தானாகவே பிரேக் போட்டது. சீட்பெல்ட் நெஞ்சை இறுக்கியது. பின்னால் டயர் தேயும் சத்தம். பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால், பம்பரை ஒட்டி ஒரு மோட்டார்சைக்கிள், மலேசியாவின் ஜொகூர் பதிவெண்.

விரைவுச்சாலையை விட்டு இறங்கியதும் சிக்னலில் அந்தத் தம்பி என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். “அண்ணே, முன்னால ஒண்ணுமே இல்லையே, ஏன் பிரேக் போட்டீங்க?” என்றார். ஹேண்டிலைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. “நான் போடல தம்பி, காரே போட்டுடுச்சு” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

அன்று இரவுதான் காரின் கையேட்டை எடுத்துப் படித்தேன். சில கார்களில் பம்பருக்குள் வைக்கும் ரேடார் என் காரில் இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம், பின்பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான் தடக்கோட்டையும் முன்னால் போகும் வண்டியையும் பார்த்து, தானாகப் பிரேக் போடும் அமைப்புக்குச் சொல்கிறது. கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவின் பார்வையை மறுபடியும் சரிசெய்தே ஆக வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. சமதளத் தரையில், கேமரா பார்ப்பதற்கான குறிப்பலகையைக் காருக்கு முன்னால் அளந்து நிறுத்திச் செய்யும் வேலை அது. சில கார்களைச் சாலையில் ஓட்டியும் சரிபார்க்க வேண்டும். என் காருக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. பட்டறையில் கேட்டபோது, “எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியலையே” என்றார்கள்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். கேமராவின் பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினால், 50 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பக்கத்துத் தடத்து லாரி என் தடத்தில் இருப்பதாகக் காருக்குத் தோன்ற அதுவே போதும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அந்த 50 மீட்டர் வெறும் இரண்டேகால் நொடி. அப்புறம் வேறு பட்டறையில் சரிசெய்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ஸ்கூட்டரோடு குறுக்கே வந்துவிட்டான். என் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் கார் நின்றுவிட்டது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். ஜப்பான் அதை 2021லேயே அங்கு தயாராகும் புது மாடல்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. நம் ஊருக்கு அங்கிருந்தும் நிறையக் கார்கள் வருகின்றன. ஆக, இந்தக் கேமராக்கள் நம் சாலையில் இனிப் பெருகத்தான் போகின்றன.

ஓட்டுநரில்லா வாகனங்களை நீங்கள் எவ்வளவு பொறுமையாகச் சோதித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஜூரோங்கில் 2017இல் திறந்த சோதனைத் தளத்தில் செயற்கை மழை பெய்விக்கும் கருவிகூட இருக்கிறது. தேர்ச்சி பெறாத வண்டி பொதுச்சாலைக்கு வர முடியாது. அதே கவனத்தில் ஒரு பங்கு எங்கள் சாதாரணக் கார்களுக்கும் வேண்டும்.

சொந்தக் கார்களை மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறோம். பிரேக்கையும் புகையையும் பார்க்கும் அந்த இடத்தில் கேமராவும் ரேடாரும் நேராகப் பார்க்கின்றனவா என்பதையும் பாருங்கள். முன்கண்ணாடியோ பம்பரோ மாற்றும் பட்டறை, சரிசெய்ததற்கான சான்று தராமல் காரைத் திருப்பித் தரக் கூடாது என்று விதி போடுங்கள். காப்புறுதி நிறுவனங்கள் அந்தச் செலவையும் சேர்த்தே ஏற்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கத்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சான்று காரின் பதிவேட்டிலும் இருக்கட்டும். கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) விற்கும் விலையில் பழைய கார் வாங்குபவர்கள்தான் அதிகம். தான் வாங்கும் காரில் எந்தக் கண்ணாடி எப்போது மாறியது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அந்தத் தம்பியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதே நேரத்துக்குத்தான் இன்றும் அந்த வளைவைக் கடக்கிறேன். பின்னால் மோட்டார்சைக்கிள் வந்தால் தடத்தை மாற்றி வழிவிட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசி ஒருவர்