கிரேக்க வீட்டுச் சமையலும் நம் காய்கறிகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கச் சமையல் என்றால் பாலாடைக்கட்டியும் இறைச்சியும்தான் என்பதுபோல் சமையல் பக்கங்கள் காட்டிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது. அங்குள்ள வீடுகளில் கோடையில் சமைக்கும் ‘பாமியேஸ்’ நம் வெண்டைக்காய்தான். காய் திறந்துவிடாதபடி காம்பைக் கூம்பாகச் சீவி, உப்பும் வினிகரும் தெளித்து வைத்து வழவழப்பைக் குறைத்தபின், வெங்காயம், தக்காளி, ஆலிவ் எண்ணெயுடன், கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் அசைத்து மெதுவாக வேகவிடுகிறார்கள். குளிர்காலத்துக்கு வெள்ளை பீன்ஸில் ‘ஃபசோலாதா’ என்ற சூப் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகும் காய்களைக் கொண்டே இவற்றில் பலவற்றைச் சமைத்துவிடலாம். ஆலிவ் எண்ணெய் ஒன்றுதான் செலவு, நல்லெண்ணெய் ஊற்றினால் சுவையே மாறிவிடும். இத்தகைய பருவகாலக் குறிப்புகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்