எட்டு செகண்டுக்கு ஒரு நன்றி மடல்

வேலூர் காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்து உறவுகளுக்கும் எங்கள் மாஸ்டருக்கும் வணக்கம்.

போன மாதம் மாநில மல்யுத்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியதற்கு வாழ்த்துச் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முந்தைய வருஷத் தோல்வியைப் பற்றி.

4-3 என்று முன்னிலையில் இருந்தேன். எட்டு செகண்ட் பாக்கி. தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், எதிரில் இருந்தவள் வலது காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டாள். இரண்டு பாயின்ட் அவளுக்குப் போச்சு, 4-5.

யாரோ அதைப் போனில் எடுத்து அனுப்பினார்கள். பாகாயம் பஸ்ஸிலும் பார்த்தேன், ராத்திரி போர்வைக்குள்ளும் பார்த்தேன். அப்புறம் பயிற்சியில் யாராவது காலுக்கு வந்தாலே உடம்பு தானாக விழ ஆரம்பித்தது. "மறந்துடும்மா" என்றார்கள். முடிந்தால் மறந்திருக்க மாட்டேனா?

எங்கள் ஆயாதான் முதலில் கண்டுபிடித்தது. "மாடு அசைபோட்டா செரிக்கும்டி. நீ போடறது செரிக்கவே மாட்டேங்குதே" என்று சொல்லி, மனநல ஆலோசகர் அக்காவிடம் கையோடு கூட்டிப்போனது.

அந்த அக்கா மறக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, நோட்டில் எழுதச் சொன்னார். மற்ற நேரத்தில் அந்த நினைப்பு வந்தால் "ஆறு மணிக்கு வா" என்று திருப்பி அனுப்ப வேண்டும். "நான் ஏன் இப்படி" என்று எழுதினால் பேனாவால் கோடு போட்டு அடித்துவிடுவார். "கால் எங்கே இருந்தது? கண் எங்கே இருந்தது?" அதை மட்டும் எழுது என்பார்.

அந்த நோட்டைப் படித்துவிட்டு மாஸ்டர் ஸ்டாப்வாட்சை எடுத்தார். ஓரம் கிழிந்து டேப் ஒட்டிய அதே பயிற்சி விரிப்பில், 4-3, எட்டு செகண்ட். தினமும் இருபது தடவை. தோள் கன்றிப்போகிற வரை என் காலுக்குப் பாய்ந்த தோழிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? 2016 ரியோ ஒலிம்பிக் மல்யுத்தத்தில் சாக்‌ஷி மாலிக் 0-5 என்று பின்தங்கி 8-5 என வென்ற வெண்கலப் போட்டியை எனக்குப் போட்டுக் காட்டியதும் அவள்தான்.

சதீஷ் சிவலிங்கத்தால் பளுதூக்கலுக்குப் பேர் வாங்கிய ஊர் இது. எங்களுக்கும் ஜிம்மில் ஒரு மூலை விட்டுக்கொடுத்த அண்ணன்மார்களே, நன்றி.

இந்த முறையும் அரையிறுதியில் தப்புப் பண்ணித் தோற்றேன். ஒன்றரை மணி நேரத்தில் வெண்கலத்துக்கான போட்டி. "ஆறு மணிக்கு வா" என்று அந்த நினைப்பிடம் சொல்லிவிட்டு விரிப்பில் ஏறினேன்.

மாஸ்டர், ஸ்டாப்வாட்ச் என் பையிலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமை கொண்டு வருகிறேன்.