அட்டையில் கிரிம், உள்ளே கண்ணாடிச் செருப்பு

தமிழில் சிறுவர் கதைப் புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் வாங்கிய ஒரு படக்கதைப் புத்தகத்தின் அட்டையில் ‘கிரிம் சகோதரர்களின் கதைகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் கதை சிண்ட்ரெல்லா. பூசணிக்காய் ரதமாகிறது, தேவதை வருகிறாள், கண்ணாடிச் செருப்பு தொலைகிறது. எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம். இந்த வழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை என்பதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பூசணிக்காயும் கண்ணாடிச் செருப்பும் பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதையைச் சேர்ந்தவை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த யாக்கோப், வில்ஹெல்ம் என்ற கிரிம் சகோதரர்களின் கதையில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதியில் அந்தப் பெண் ஹேஸல் என்ற கொட்டை மரத்தின் கிளை ஒன்றை நட்டுக் கண்ணீர் விட்டே மரமாக வளர்க்கிறாள். அதில் வந்து உட்காரும் பறவைதான் உடையும் செருப்பும் தருகிறது. இளவரசன் கையில் சிக்குவது தங்கச் செருப்பு. அது காலில் நுழைய வேண்டுமே! மாற்றாந்தாயின் மகள்களில் மூத்தவள் கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், அடுத்தவள் குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். ‘ராணியான பிறகு நீ நடக்கவா போகிறாய்?’ என்று கத்தியை எடுத்துக் கொடுப்பவள் அவர்களைப் பெற்றவள். செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இதையெல்லாம் குழந்தையிடம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1812 டிசம்பரில் 86 கதைகளோடு முதல் தொகுதி வந்தபோது ஜெர்மனியிலேயே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. தம்பி வில்ஹெல்ம் அதைக் காதில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் பன்றி அறுக்கும் விளையாட்டு ஆடி ஒருவனைக் கொன்றுவிடும் கதை 1819 பதிப்பில் காணாமல் போனது. முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்டு இளவரசனை ரகசியமாகச் சந்திக்கும் ராபன்ஸல், ‘என் உடையெல்லாம் ஏன் இறுகிக்கொண்டே வருகிறது?’ என்று வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொள்வாள். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். பின்னால் அது, இளவரசனைவிட நீ ஏன் கனமாக இருக்கிறாய் என்று சூனியக்காரியிடம் கேட்பதாக மாறியது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆளனுப்பியவளும் முதலில் பெற்ற தாய்தான், 1819இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் அவள் ஆடி ஆடிச் சாவது, 1857இல் வந்த கடைசிப் பதிப்பு வரை அப்படியே இருக்கிறது. கர்ப்பத்தை மறைக்க வேண்டும், தண்டனையை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துக் கணக்கு அப்படி!

ஆக, கதையை மாற்றாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிரிம்களே மாற்றியவர்கள்தான். அவர்கள் ‘குடியானவப் பெண்’ என்று பெருமையாகக் காட்டிய டொரோதியா வீமன் உண்மையில் ஒரு தையற்காரரின் மனைவி. பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்) வம்சம் அவருடையது. காஸல் நகரத்தில் கதை சொன்ன ஹாசன்ஃப்ளுக் சகோதரிகளுக்கும் அதே பிரெஞ்சு வேர் உண்டு. ‘பூட்ஸ் போட்ட பூனை’, ‘நீலத்தாடி’ என்ற கதைகளைப் பிரெஞ்சுச் சரக்கு என்று பின்னால் நீக்கினார்களே, அப்படிப் பார்த்தால் இன்னும் எத்தனையை நீக்கியிருக்க வேண்டும்?

ஆனால் ஒன்றை ஒழுங்காகச் செய்தார்கள். எந்தக் கதை எந்தப் பகுதியில் கிடைத்தது, பெரோவிடம் அதே கதை எப்படி இருக்கிறது என்றெல்லாம் குறிப்பு எழுதி வைத்தார்கள். அவ்வளவு ஏன், டிஸ்னி 1950இல் சிண்ட்ரெல்லா படம் எடுத்தபோது, மூலம் பெரோவுடையது என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிட்டார்கள். சினிமாக்காரர் செய்ததைப் புத்தகக்காரர் செய்யக் கூடாதா?

விலையும் பதிப்பு விவரமும் போடும் பக்கத்தில் இடம் இருக்கிறது. இந்தக் கதை யாருடையது, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த மொழியிலிருந்து வந்தது, நாங்கள் எதை விட்டோம் என்று நான்கு வரி போடுங்கள். தவளை இளவரசன் கதையில் இளவரசி தவளையைச் சுவரில் வீசுவதற்குப் பதில் முத்தம் வைக்கிறீர்களா, வையுங்கள். கிரிம் கதையில் அவள் வீசத்தான் வீசுகிறாள் என்று ஓரமாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், பெரிய பிள்ளைகளுக்காக 1812 தொகுதியை ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரலாமே. வில்ஹெல்ம் இறந்தது 1859, யாக்கோப் இறந்தது 1863. உரிமைத்தொகை என்று யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள், அட்டையில் அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கதைப் புத்தகம் வாங்கும் ஒருவர்