கரணி அல்ல, காணி

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று, கல்வெட்டுகளின் மேல் தாள் ஒட்டி எடுத்த மைப்படிகளை அடுக்கி வைத்திருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தபோது, மேலே இருந்த கட்டின் ஓரத்தில், கோயில் அடித்தளத்தில் உருண்டு ஓடும் குமுத வரிசையைப் பற்றிய உங்கள் பென்சில் எழுத்து தெரிந்தது: ‘வடக்குச் சுவர், குமுதம், இரண்டாம் வரியில் கல் பொரிந்திருக்கிறது.’ முப்பதாம் நாள் காரியத்துக்கு வர முடியாமல் போன எனக்கு, அதைப் பார்த்த பிறகு கடிதமாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கல்வெட்டைப் படிப்பவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. படியெடுப்பவரின் வேலை என்னவென்று வெளியில் பலருக்குத் தெரியாது. சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, ஈரம் பதமாக வற்றியதும் மையை ஒற்றினால், கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். சமமான சுவரில் நானும் ஒருவாறு எடுத்துவிடுவேன். உருண்டு வளைந்த குமுதத்தில் தாள் சுருங்கும், இல்லையென்றால் கிழியும். காற்றடித்தால் இரண்டும் நடக்கும். நீங்களோ நடுவிலிருந்து இரு பக்கமும் தட்டிக்கொண்டே போய், ஒரு குமிழ்கூட இல்லாமல் முடித்து, விரல் நுனியால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “டீ குடிச்சிட்டு வந்து மை போடலாம் தம்பி” என்பீர்கள். பதம் வருவதற்கான கணக்குத்தான் அந்த டீ என்பது எனக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழையை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்றில் ‘கரணி’ என்று படித்து, அதை ஊர்ப்பெயராக்கி, அந்த ஊர் எங்கே இருந்திருக்கலாம் என்று அரைப்பக்கக் குறிப்பும் எழுதிவிட்டேன். பழைய எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம் என்று வகுப்பில் படித்தது களத்தில் மறந்துபோயிற்று. எல்லோரும் இருந்தபோது நீங்கள் வாய் திறக்கவில்லை. மாலையில் வாளி கழுவும்போது மட்டும், “தம்பி, முன்னால மா வருது, பின்னால முந்திரிகை வருது, நடுவுல ஊர் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டீர்கள். எல்லாம் நில அளவுகள்: நான்கு முந்திரிகை ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலியில் 1/80 பங்கான ‘காணி’யைத்தான் நான் ‘கரணி’ என்று படித்து ஊராக்கியிருந்தேன். தஞ்சைப் பக்கத்து வயலில் மாக்கணக்குப் பேசி வளர்ந்த உங்களுக்கு அதற்கு அகராதி தேவைப்படவில்லை. மறுநாள் நானாகவே கண்டுபிடித்துத் திருத்தியதாக மற்றவர்கள் நம்பினார்கள். நீங்களும் அப்படியே தலையாட்டினீர்கள்.

தாளை உரித்ததும் சுருட்டிக்கொண்டு புறப்படும் வழக்கம் உங்களிடம் இருந்ததில்லை. சுற்றி நிற்பவர்களுக்கு விரித்துக் காட்டிப் படித்துச் சொல்வீர்கள். கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்காக 90 ஆடு கொடுத்த கல்வெட்டில், எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள் என்ற பொருளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வந்ததும், ஆடு மேய்த்துவிட்டு வந்து நின்ற பாட்டி, “சாகாத ஆடா? எனக்கும் ரெண்டு வாங்கிக் குடு” என்றார். கறுத்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில், கோயில் புறாக்கள் கலைந்து பறந்தன.

உங்கள் பிரஷ்ஷை வீட்டில் ஒப்படைத்தோம்; உங்கள் மகன் அதை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். கைப்பிடியில் உங்கள் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. எனக்கு அது பொருந்தவில்லை அண்ணே, நான் இடக்கைக்காரன்.

அன்புடன்,
உங்கள் தம்பி