பழைய திடலைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்து கிளப்புக்கு லிவர்பூல் நகரில் எழும்பியிருக்கும் புதிய மைதானம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப்பக்கச் செய்தி பார்த்தேன். எத்தனை இருக்கை, எவ்வளவு செலவு எல்லாம் இருந்தது. வானத்திலிருந்து எடுத்த படமும் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லவும், அதையொட்டி எங்கள் ஊருக்கு ஒன்று கேட்கவும்தான் எழுதுகிறேன்.

நான் பாம்பன்காரன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 புயலுக்கு மறுவருஷம் பிறந்தவன். வலை வேண்டாம் என்று இருபது வயதில் கப்பலுக்குப் போனேன். சரக்குக் கப்பலில் கலாசி வேலை. 1987 வசந்த காலத்தில் எங்கள் கப்பல் லிவர்பூலின் வடக்கே சீஃபோர்த் துறையில் கட்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை அந்தத் துறையில் வேலை பார்த்த ஒருவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், “பந்தாட்டம் பார்க்க வருகிறாயா?” என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார். துறைச் சாலையில் நெடுந்தூரம் நடந்தோம். ஒரு பக்கம் முழுக்கக் கருங்கல் மதில், ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய கப்பல்துறைகள் வரிசையாக இருப்பதாகச் சொன்னார். அவற்றில் ஒன்று பிராம்லி-மூர் துறை, 1848இல் திறந்தது. இப்போது புதிய மைதானம் நிற்பது அந்தத் துறைக்குள்ளேதான். நான் அந்த மதிலோரமாகத்தான் நடந்திருக்கிறேன்.

அன்றைக்குப் போனது குடிசன் பார்க். 1892இலிருந்து எவர்ட்டனின் வீடு. வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், நடுவில் திடீரென்று மைதானம். ஒரு மூலையில் இரண்டு கேலரிக்கு நடுவே ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, லூக்கா பெயரில். எங்கள் ஊரிலும் கோயிலுக்குப் பின்னால்தான் திடல். அதைப் பார்த்ததும் கூச்சமெல்லாம் போய்விட்டது. ஆட்டம் தொடங்குமுன் ஒரு பெண் கூடையோடு திடலைச் சுற்றி வந்து கூட்டத்துக்குள் மிட்டாய் வீசினாள். எனக்கு ஒன்று கிடைத்தது. முன்னால் ஒரு தூண் மறைத்ததால் பாதி ஆட்டம் கழுத்தை வளைத்தே பார்த்தேன். அந்த வருஷம் எவர்ட்டன்தான் லீக் சாம்பியன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு முறைகூட இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. கப்பலில் இருந்தவரை சனிக்கிழமை இரவுகளில் சிற்றலையில் பிபிசியைப் பிடித்து முடிவு கேட்பேன். கரைக்கு வந்த பிறகு என் பிள்ளைகளும் அந்த நீலச் சட்டைக்காரர்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தார்கள். அந்தத் துறைமுகத்து நண்பருக்கும் எனக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒரு வருஷமும் தவறியதில்லை.

என் இரண்டாவது மகள் இப்போது அதே ஊரில் நர்ஸாக இருக்கிறாள். புதிய மைதானத்தில் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, பிரைட்டனோடு. நமக்கு மாலை ஆறரை மணி. நான் வீட்டுத் திண்ணையில் கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். எவர்ட்டன் 2-0 என்று வென்றது. முதல் கோல் எவர்ட்டன் வீரர் இலிமான் என்டியாயே போட்டது. மே 18ஆம் தேதி குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டத்தில் இரண்டு கோலையும் போட்டவரும் அவர்தான். பழைய வீட்டு விளக்கை அணைத்தவரே புது வீட்டிலும் விளக்கேற்றினார். எங்கள் கோல்காப்பாளர் பிக்ஃபோர்ட் ஒரு பெனால்டியைத் தடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மகள் அங்கே போனது அக்டோபரில், நண்பரின் குடும்பத்தோடு. அன்றிரவு அவள் ஒரு மணி நேரம் பேசினாள். பேசியதில் எனக்கு நினைவிருப்பதை அப்படியே தருகிறேன்.

“அப்பா, எங்கே உட்கார்ந்தாலும் பந்து தெரிகிறது. தூணே இல்லை.” இதுதான் அவள் முதலில் சொன்னது. தெற்குப் பக்கக் கேலரி ஒரே அடுக்காகச் செங்குத்தாக ஏறுகிறதாம். அங்கிருந்து பாட்டு எழும்பினால் கூரையில் மோதி மறுபடி தலைமேல் விழுகிறதாம். நடக்க அகலமான இடம். பெண்களுக்குக் கழிப்பறை போதுமான அளவுக்கு இருக்கிறது. இதை அவள் இரண்டு தடவை சொன்னாள். பெண்களுக்குத்தான் தெரியும் இது எத்தனை பெரிய விஷயம் என்று. வெளிச்சுவரின் செங்கல்லில் குறுக்குமறுக்காகக் கோடு போட்டிருக்கிறார்கள். பழைய மைதானத்தில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பொறியாளர் கேலரி முகப்பில் வைத்த இரும்புப் பின்னலின் அதே வடிவம். வாசலுக்கு முன் தளக்கல்லில் ரசிகர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நண்பர் குனிந்து தன் தகப்பனார் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாராம்.

குறையும் சொன்னாள். மெர்சி ஆற்றின் கரை, காற்று எலும்புக்குள் போகிறது. ஆட்டம் முடிந்து பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போக நீண்ட வரிசை. பழைய இடத்தில் தெருவுக்குத் தெரு கடை, கூட்டம், தெரிந்த முகங்கள். இங்கே ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கிடங்கு. டிக்கெட் கைபேசிக்குள் இருப்பதால் நண்பர் தன் பேரனில்லாமல் உள்ளே போக முடியவில்லை. அவர் குடிசனில் நாற்பது வருஷம் ஒரே இருக்கையில் இருந்தவர். முன்வரிசைக்காரர், பின்வரிசைக்காரர், அவர்கள் பிள்ளைகள் எல்லாரையும் தெரியும். புது மைதானத்தில் ஆளாளுக்கு வேறு வேறு இடம் கிடைத்துச் சிதறிப் போனார்கள். “ஆட்டம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது, யாரோடு பார்ப்பது என்றுதான் தெரியவில்லை” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். குடிசன் திடலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தியைப் புதைத்திருக்கிறார்கள். அவருடைய அண்ணனும் அங்கேதான்.

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் நானும் குடும்பத்தோடு போய் வந்தேன். நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம், அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறது. பெருமையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே 1914இல் கட்டிய பழைய பாலத்தைப் பார்த்தபோது, அதன்மேல் என் அப்பாவோடு போன பயணங்களெல்லாம் நினைவுக்கு வந்து பேச்சு நின்றுவிட்டது. இரண்டுமே உண்மையான உணர்ச்சிதான். ஒன்றுக்காக இன்னொன்றை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

புதிய மைதானம் கட்டக் கப்பல்துறையைத் தூர்த்தார்கள். ஐரிஷ் கடலுக்குள் போய் ஏறக்குறைய 4,80,000 கன மீட்டர் மணலை அள்ளி வந்து நிரப்பினார்கள். அதற்கு முன் துறைக்குள் இருந்த மீன்களைப் பிடித்துப் பக்கத்து நீருக்கு மாற்றினார்கள். கடற்கரைக்காரன் என்பதால் இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதே சமயம் அந்தத் துறைமுகப் பகுதிக்கு யுனெஸ்கோ தந்திருந்த உலகப் பாரம்பரியத் தகுதி 2021இல் போய்விட்டது. காரணங்களில் இந்த மைதானமும் ஒன்று.

நான் எழுத வந்ததன் மையம் இனிமேல்தான் வருகிறது. பழைய குடிசன் பார்க்கை இடித்துவிட்டு வேறு கட்டடம் கட்டுவதாகத்தான் முதலில் இருந்தது. கடைசி நேரத்தில் அதை மாற்றி, எவர்ட்டன் பெண்கள் அணிக்கு அதைச் சொந்த மைதானமாகக் கொடுத்துவிட்டார்கள். 2025-26 பருவத்திலிருந்து பெண்கள் அங்கே ஆடுகிறார்கள். 1920 டிசம்பர் 26 அன்று இதே குடிசன் பார்க்கில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியும் மோதியபோது 53,000 பேர் பார்த்தார்கள். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, லீக் அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம். தடை விலக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆனது. அப்படி வெளியே அனுப்பப்பட்ட பெண்களுக்கு இன்று அந்த இடமே சொந்தம். நண்பரின் அண்ணன் கிடக்கும் மண்ணில் பந்து இன்னும் ஓடுகிறது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில்தான் மூன்று தலைமுறையாகப் பந்து விளையாடுகிறோம். ஒரு ஓரம் உடைமரம், ஒரு ஓரம் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உயரே போன பந்து கடலுக்குள் போய்விடும். யாராவது நீந்திப்போய் எடுத்துவரும்வரை ஆட்டம் நிற்கும். திருநாள் போட்டிக்குத் தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினத்திலிருந்தெல்லாம் அணிகள் வரும். கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள்தான் எங்கள் கேலரி. இப்போது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புல்தரையோடும் கேலரியோடும் புதிய திடல் வரப்போகிறது என்று பேச்சு. நிலத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எங்கள் பையன்கள் மணலில் ஆடிப் பழகிவிட்டு, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போய்க் கட்டாந்தரையில் பந்து வேகமாக ஓடும்போது தடுமாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கட்டுகிறவர்கள், பார்க்க வருகிற எங்களையும் ஒருநாள் உட்காரவைத்துக் கேட்கட்டும். கேலரியைத் திடலின் மேற்குப் பக்கம் வையுங்கள். கிழக்கே வைத்தால் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், இங்கே ஆட்டமெல்லாம் மாலையில்தான். சாதாரண இரும்புக் குழாயில் கம்பமும் வேலியும் வேண்டாம், எங்கள் உப்புக்காற்று சில வருஷத்தில் தின்றுவிடும். புதிய பாலத்துக்கு இதற்காகவே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டார்கள். திடலுக்கு அவ்வளவு வேண்டாம், அந்த யோசனையாவது வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீரோடு, பூட்டில்லாமல் இருக்க வேண்டும். சாலையைக் கடக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு வழி வேண்டும்.

பழைய மணல் திடல் என்னவாகும் என்பதுதான் என் கவலை. வண்டி நிறுத்தலாம், கருவாடு காயப்போடலாம், கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று இப்போதே பேசுகிறார்கள். கருவாடு காயப்போட இடம் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்குத் தென்கடல் பக்கம் வேறு இடம் பார்க்கலாம். அந்தத் திடலைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களையும் கோயில் பொறுப்பில் உள்ளவர்களையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் பந்து விளையாடுகிற பெண்பிள்ளைகள் பதினான்கு பேர். என் மூத்த மகளின் மகளும் அதில் ஒருத்தி, வயது பன்னிரண்டு, இடதுகாலில் நன்றாக அடிப்பாள். திடலில் பையன்கள் ஏறிவிட்டால் இவர்களுக்கு இடமில்லை. அதனால் நீர் வற்றும் நேரம் பார்த்து வடகடல் ஈரமணலில் இரண்டு துடுப்பை ஊன்றி கோல் கம்பமாக்கி ஆடுகிறார்கள். நீர் ஏறினால் ஆட்டம் முடிந்தது. வள்ளம் கரைக்கு வந்தாலும் முடிந்தது. புதிய திடல் சாலைக்கு அப்பால் இருப்பதால் இருட்டும் நேரத்தில் அங்கே இவர்களை அனுப்ப வீடுகளில் தயங்குவார்கள். கோயில் திடல் என்றால் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம், பாட்டிமார்கள் கவிழ்த்த வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

பெரிய செலவு எதுவும் இல்லை. உடைமரத்தை வெட்டி, கடல் பக்கம் பழைய வலையைத் தடுப்பாகக் கட்டி, இரண்டு கோல் கம்பம் நட்டால் போதும். வலையும் ஆளும் நான் கொண்டுவருகிறேன். மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை, திருநாள் போட்டி நடக்கும் நாட்கள் நீங்கலாக, அந்தத் திடல் பிள்ளைகளுடையது என்று கோயில் வாசல் பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.